புலனக் குழுவில் காணாமல் போகும் கேள்வி

இடுபணிக்கு நூல் வேண்டுமென்றால் இன்றைய பல்கலைக்கழக மாணவர் முதலில் புலனக் குழுவில்தான் கேட்கிறார்: ‘யார்கிட்டயாவது பிடிஎஃப் இருக்கா?’ ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. இதில் எனக்கு வருத்தமில்லை. சென்னையிலிருந்து நூல் வருமென்று மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் கொஞ்சம் பொறாமைப்படலாம்.

சிக்கல் அதற்குப் பிறகு. நூல் வருகிறது, நூலைப் பற்றிய பேச்சு வருவதில்லை. நான் இருக்கும் குழுவொன்றில், தோட்டப்புற நாவல்களில் பெண்கள் ஏன் அழுதுகொண்டே இருக்கிறார்கள் என்று ஒரு மாணவி நாலு வரி எழுதினார். நல்ல கேள்வி. வந்த பதில்கள் மூன்று கட்டைவிரல், இரண்டு ‘அருமைம்மா’, ஒரு காலை வணக்கப் படம். ஒருவரும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்கள்? அதே குழுவில் விரிவுரையாளர் இருக்கிறார், நாவலாசிரியரும் இருக்கிறார். நாளைக்கு நூல் வெளியீட்டில் முகத்தைப் பார்க்கணுமே!

தனிநாயகம் அடிகள் 1952இல் தொடங்கிய ‘தமிழ் கல்ச்சர்’ காலாண்டிதழ். ஒரு கட்டுரைக்கு மறுப்பு எழுத வேண்டுமென்றால் அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டும். ஆனால் அதில் வந்ததை இன்றும் பக்க எண்ணோடு எடுத்து மறுக்கலாம். மாணவியின் நாலு வரியை அடுத்த வாரமே என்னால் தேடி எடுக்க முடியவில்லை. அவருடைய ஆய்வேட்டிலும் அந்தக் கேள்வி இல்லை. கேட்டால், ‘மேற்கோள் காட்ட ஒண்ணும் கிடைக்கல சார்’ என்கிறார்.

அந்த நாலு வரியை அவர் நாலு பக்கமாக்கி வலைப்பூவில் போடட்டும். நாவலாசிரியருக்குக் கோபம் வந்தால் அவரும் நாலு பக்கம் எழுதட்டும்.