சொல் என்ன வேலை பார்க்கிறது?

காரைக்குடி கம்பன் மணிமண்டப வளாகத்தில் சா. கணேசனின் முயற்சியால் எழுந்த தமிழ்த்தாய் கோயிலில் தொல்காப்பியருக்கும் சிலை உண்டு. இலக்கண ஆசிரியரைக் கோயிலில் வைத்துப் போற்றும் ஊர் இது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன ஆங்கிலத்தின் எட்டு ‘பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்’சை ரசிக்கவும் அவரிடமிருந்தே தொடங்கலாம்.

தொல்காப்பியருக்குச் சொல் என்றால் முதலில் பெயரும் வினையும்தான். இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து வருபவை. ஆங்கிலத்தின் எட்டு வகையோ கிரேக்க, லத்தீன் இலக்கணங்களின் வழி வந்தது. ஆங்கிலத்துக்கென்று அளவெடுத்துத் தைத்ததல்ல. அதனால் அந்தப் பட்டியலை விடுங்கள். ஒரு சொல்லை எடுத்து, வாக்கியத்தில் அது என்ன வேலை பார்க்கிறது என்று கவனியுங்கள்.

‘டிரிங்க் த வாட்டர்’ என்னும்போது வாட்டர் பெயர். ‘வாட்டர் த பிளான்ட்ஸ்’ என்றால் அதுவே வினை. ஓர் எழுத்துகூட மாறவில்லை, நிற்கும் இடம்தான் மாறியது. தமிழில் தண்ணீர் தானே வினையாகாது. ‘ஊற்று’ துணைக்கு வர வேண்டும். ஆனாலும் இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. ‘அந்தச் சொல் அழகு’, ‘அழகாகச் சொல்’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடி, படி, இடி எல்லாம் இப்படித்தான்.

அடுத்து, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்க் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். “இந்தத் தேக்குப் பெட்டியப் பாலிஷ் பண்ணிட்டா சூப்பரா இருக்கும்ணே” என்பது போன்ற பேச்சு காதில் விழும். பாலிஷ் ஆங்கிலத்தில் வினையாகவும் வரும். நாம் அதைத் தனியே வினையாக விடுவதில்லை, ‘பண்ணு’ சேர்த்தே வேலை வாங்குகிறோம். சூப்பர் ஆங்கிலத்தில் பெயரடை. இங்கே ‘ஆ’ ஒட்டியதும் வினையடையாகிவிட்டது. ‘சூப்பரான பெட்டி’ என்றால் மறுபடி பெயரடை. ஆங்கிலம் இடத்தைக் கொண்டு சாதிப்பதைத் தமிழ் பெரும்பாலும் விகுதியைக் கொண்டு சாதிக்கிறது. படிக்காதவர் என்று நாம் நினைக்கும் ஒருவரும் பிசகாமல் செய்யும் இலக்கண வேலை இது. எனக்கு இதில் தீராத வியப்பு.

பிழைகளிலும் இந்தச் சுவை உண்டு. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று பலர் எழுதுகிறார்கள். காரணம், நம் ‘பற்றிப் பேசு’. டிஸ்கஸ் என்ற வினைக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கிவிட்டது.

பயிற்சிக்கு ‘ரவுண்ட்’ என்ற சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது பெயர், வினை, பெயரடை, வினையடை, முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்) என ஐந்தாகவும் வரும். செட்டிநாட்டு வீட்டின் உருண்டைத் தூணை வர்ணித்தால் பெயரடை, அந்தத் தூணைச் சுற்றி ஒரு பிள்ளை ஓடினால் முன்னிடைச்சொல். மற்ற மூன்றுக்கும் நீங்களே வாக்கியம் அமைத்துப் பாருங்கள்.