நடக்க முடியாத நாய்: நமுனுகுலவிலும் கோவையிலும்

"ஏண்ணே, உங்க லயத்துல நாய்க்கு வயசாயிட்டா கொண்டுபோய் ரோட்டுல விட்டுடுவாங்களாமே?"

கோவையில் என் சித்தப்பா மகன் இப்படிக் கேட்டபோது, அவனுடைய கிழட்டு லெப்ரடோர் அவன் காலடியில் படுத்திருந்தது. கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. யாரோ சொன்னதைத் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான். ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. "வீட்டு நாயை நாங்க விடமாட்டோம் தம்பி" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் வீட்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். அவன் நாய் ப்ரூனோவுக்கு 13 வயது. இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டன. டைல்ஸ் தரையில் கால் வழுக்காமலிருக்க வீடு முழுக்க ரப்பர் விரிப்பு. வயிற்றுக்கடியில் மாட்டித் தூக்குவதற்குக் கைப்பிடி வைத்த பட்டை. வெளியே போகச் சக்கர வண்டி, இரவுக்கு டயபர். டொக்டர் எக்ஸ்ரே எடுத்து, இரத்தம் சோதித்து, ஈரலும் சிறுநீரகமும் தாங்குமா என்று பார்த்த பிறகுதான், நாயின் எடைக்குக் கணக்கிட்டு மெலொக்சிகாம் என்ற வலி மருந்தைக் கொடுத்திருக்கிறார். "மருந்து ஆரம்பிச்ச பிறகுதான் மாமா ராத்திரி தூங்குது" என்றாள் தம்பி மனைவி. நாட்பட்ட வலியில் இருக்கும் நாய் பெரும்பாலும் கத்தாது. இரவெல்லாம் இளைக்கும், மூட்டை நக்கும், இடம் மாற்றி மாற்றிப் படுத்துப் பார்க்கும். அதை நோய் என்று கண்டுபிடிக்க அங்கே ஆள் இருக்கிறது.

இருக்கத்தான் வேண்டும். சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903 இல். விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1959 இல். ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு இந்திய விலங்கு நல வாரியம் அமைந்தது 1962 இல். தெரு நாயைக் கொல்லாமல் கருத்தடை செய்துவிடும் விதிகள் 2001 இல் இந்தியா முழுமைக்கும் வந்தன. இலங்கையில் நாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசு நிறுத்தியது 2006 இல். இந்த வரிசையில் அவர்கள் முன்னால் நிற்கிறார்கள், சரி. ஆனால் சட்டம் வந்த ஆண்டை வைத்து ஒரு வீட்டு இஸ்தோப்பை, அதாவது திண்ணையை, அளக்க முடியாது.

எங்கள் இஸ்தோப்புக்கு வருகிறேன். இலங்கையின் ஊவா மாகாணத்தில் நமுனுகுல மலை 2000 மீற்றருக்கு மேல் நிற்கிறது. அதன் சரிவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், வெள்ளைக்காரன் காலத்து லயங்கள். எங்கள் லயத்து ஜிம்மி யாருடைய நாய் என்று கேட்டால் கடைசிக் காம்பராவை (அறையை) காட்டுவார்கள். ஆனால் காலை ரொட்டித்துண்டு ஒரு வீட்டில், மத்தியானச் சோறு இன்னொரு வீட்டில். இளம் வயதில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு முன்னால் ஓடி மலைக்குப் போய், தேயிலைக்குள் படுத்திருக்கும் காட்டுப்பன்றியைக் கிளப்பி விரட்டிய நாய் அது. வயதாகிப் பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டபோது லயம் என்ன செய்தது என்பதை என் தம்பி பார்த்திருக்க வேண்டும்.

லயத்துக்கு முன்னால் ஓடும் கானுக்கு (வடிகாலுக்கு) மேலே பலகை போட்டார்கள். பலகை வழுக்கும் என்று அதன்மேல் சாக்கை ஆணியடித்தார்கள். கிழிந்த படங்குச் சீலையை வயிற்றுக்கடியில் கொடுத்து இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, காலையும் மாலையும் வெளிக்குக் கூட்டிப் போனார்கள். கோவையில் கடையில் வாங்கிய பட்டை செய்கிற வேலையும் அதேதான். படுக்கைக்கு மானாப்புல்லைக் காயவைத்துச் சாக்கில் திணித்திருந்தார்கள். ஈரமானால் புல்லைக் கொட்டிவிட்டு வேறு புல் அடைக்கலாம். மெத்தையில் மூத்திரம் ஊறித் தோல் வெந்துபோகிற தொல்லை இதில் குறைவு. ஒரே பக்கமாகக் கிடந்தால் இடுப்பிலும் முழங்கையிலும் படுக்கைப்புண் வரும் என்று யாரும் வகுப்பெடுக்கவில்லை. படுத்த படுக்கையான பெரியவர்களைப் பார்த்த கைகளுக்கு அது தெரிந்திருந்தது. அடுத்த காம்பராப் பாட்டி தண்ணீருக்கு எழும்பும் போதெல்லாம் ஜிம்மியைப் புரட்டிவிடுவார்.

மழைக்காலம் வந்தால் அட்டை. நடக்கிற நாய் காலை உதறித் தப்பிக்கும். கிடக்கிற நாயின் மூக்குக்குள்ளேயே ஏறிவிடும். பாட்டி ஒரு கோப்பைத் தண்ணீரை ஜிம்மியின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். தண்ணீரின் குளிர்ச்சிக்கு அட்டை மெல்லத் தலை நீட்டும். விரலில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரே இழுப்பு. அந்தப் பொறுமையை எந்த ஊர்க் கிளினிக்கிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

கோவையில் நான் உள்ளே போய்ப் பார்த்தது ஒரு வீடுதான். அங்கே கணவன் மனைவி இருவருக்கும் வேலை. பகலில் ப்ரூனோ தனியாகக் கிடக்கிறது, தம்பி அலுவலகத்திலிருந்து போனில் கமரா வழியாகப் பார்க்கிறான். அன்பு குறைவு என்று சொல்லமாட்டேன். கைகள் குறைவு. அடுத்த வீட்டுக்காரர் நாயைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்று அவனே சொன்னான். எங்கள் லயத்தில் சுவர் ஒன்று, கூரை ஒன்று. ஒருவர் வேலைக்குப் போனால் இன்னொருவர் வீட்டிலிருப்பார். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பேச்சும் வேறுதான். ஜிம்மியின் ஒத்தடத்துக்கான துணியை நாங்கள் துவாய் என்றோம், அவர்கள் டவல் என்றார்கள். டயபர் எங்களுக்குப் பம்பர்ஸ். அவர்கள் வெறிநாய்க்கடி என்பதை நாங்கள் விசர்நாய்க்கடி என்போம். "தூங்க வச்சிடலாம்னு டாக்டர் சொன்னாருண்ணே, நாங்கதான் வேண்டாம்னுட்டோம்" என்று தம்பி குரல் தாழ்த்திச் சொன்னபோது மட்டும் எங்களுக்குள் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ரோட்டில் விடுவது பற்றிக் கேட்டானே, அதற்கும் பதில் இருக்கிறது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மலையகத் தமிழரான எங்களைப் பங்கு பிரித்தார்கள். எஞ்சியவர்களை 1974 இல் பிரித்தார்கள். தலைமன்னார் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போன இரயிலுக்கு மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். சித்தப்பா குடும்பமும் அதில்தான் போனது. மனிதர்களுக்குக் கடவுச்சீட்டு கிடைத்தது, நாய்களுக்குக் கிடைக்கவில்லை. தெமோதரை ஸ்டேஷன் வரைக்கும் பின்னாலேயே வந்த நாயைத் திரும்பிப் பார்க்காமல் ஏறியதாகச் சித்தப்பாவே சொல்லி அழுதிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் லயத்துக்குத் திரும்பி வந்த அந்த நாய்க்கு, அது கிழடாகிச் சாகும்வரை சோறு போட்டது இங்கே மிஞ்சியிருந்த நாங்கள். தம்பிக்கு இது தெரிய வேண்டும்.

நாயை மதிக்கும் வழக்கம் இரண்டு கரைக்கும் பொது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், எஜமானுக்காகக் கள்ளரோடு போராடிய கோவிவன் என்ற நாயைப் பெயரோடு பொறித்த நடுகல் பல்லவர் காலத்தது. அசோகர் தன் கல்வெட்டில் மனிதருக்கும் விலங்குக்கும் வைத்தியம் ஏற்படுத்தியதைச் சொல்லும்போது சோழ பாண்டியரோடு தாமிரபரணி என்று இலங்கையையும் சேர்த்தார். வைரவர் கோயிலில் நாயைத் தொட்டுக் கும்பிடுவது அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

ஆனால் எங்களிடம் இல்லாதது வைத்தியம். நொச்சி இலை ஒத்தடம் மூட்டுக்குச் சூடு கொடுக்கும், தேய்மானத்தின் வலியை அடக்காது. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கு நமுனுகுலவிலிருந்து நடக்க முடியாத நாயைத் தூக்கிக்கொண்டு போவது யாரால் முடியும்? 2024 இல் உயர்த்தியபோதும் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய்தான் ஆனது. அரசாங்க மிருக வைத்தியருக்கு மாடு பார்க்கவே நேரம் போதாது. அதனால் வீட்டிலிருக்கிற பனடோலையும் (பராசிட்டமோல்) புரூபனையும் (ஐபுபுரூபன்) சோற்றில் வைத்துக் கொடுக்கிறார்கள். புரூபன் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும். பனடோலும் அளவு மீறினால் ஈரலை அழிக்கும். அன்பினால் கொடுக்கும் மாத்திரையே நாயைக் கொல்கிறது. தோட்டத்தில் இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இரண்டையும் கொடுக்காதீர்கள்.

ஊவா மாகாண அதிகாரிகளிடம் ஒரு கோரிக்கை. விசர்நாய்த் தடுப்பூசி போடத் தோட்டங்களுக்கு வருகிற குழுவோடு, எடை பார்த்து வலி மருந்து எழுதித்தர ஒரு மிருக வைத்தியரையும் அனுப்புங்கள். தொழிலாளர்கள் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் ஒரு மேசை போட்டால் போதும். நடக்க முடியாத நாய்களை நாங்கள் தூக்கிக்கொண்டு வருகிறோம்.