கையும் ஆளும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆங்கிலம் போதிக்கும் வகுப்புகளுக்குக் குறைவில்லை. உடலுறுப்புகளின் பெயரைக் கற்பிக்கும் ஆசிரியர், ‘ஹேண்ட்’ என்றால் கை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுகிறார். ஆனால் அகராதியிலே அச்சொல்லுக்குத் தொழிலாளி என்றும் ஒரு பொருள் உண்டு. கை எவ்வாறு மனிதனாயிற்று? அல்லது, மனிதன் எவ்வாறு வெறுங் கையானான்? இக்கேள்வியைக் கேளாத சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கே.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ஜெர்மன், டச்சு மொழிகளிலும் இச்சொல் ஏறக்குறைய இதே வடிவில் வழங்குகிறது. பற்றுதல் என்னும் பொருளுடைய பழைய வினையொன்றிலிருந்து இது பிறந்திருக்கலாம் என்பர் சிலர். முடிந்த முடிபு இல்லை. தெலுங்கிலோ ‘செய்யி’ என்றால் கை. ஒருவனை நோக்கிச் ‘செய்’ என ஏவும்போதும் எழுவது அதே ஒலிதான். உழைக்கும் மக்களின் பேச்சிலே கையும் செயலும் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன.

இயந்திர ஆலைகள் பெருகுமுன்பே ஆங்கிலேயர் கப்பல் மாலுமியைக் ‘கை’ என்றழைத்தனர். ஆலைகள் பெருகியபின் அதுவே ஆலைத் தொழிலாளரின் பெயராக நிலைத்தது. முதலாளிக்கு வேண்டியது கை ஒன்றுதான். அதனோடு கூடவந்த வயிறும் நெஞ்சும் அவனுக்கு வேண்டாச் சுமை. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1854இல் வெளியிட்ட ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலில் இந்த வழக்கைத்தான் எடுத்துக்காட்டி எள்ளினார்.

இதைக் கேட்டு, நம் மொழி மாசற்றது என்று நாம் மார்தட்ட வேண்டாம். தமிழில் வேலை செய்பவன் ‘ஆள்’, முழு மனிதன்தான். எனினும் அவன் பெற்ற கூலியே அவனுக்குப் பெயருமாயிற்று. ஆங்கிலத்தில் வழங்கும் ‘கூலி’ நம்மிடமிருந்து சென்றது என்பாரும், குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், இலங்கையின் மலைத் தோட்டங்களில் அச்சொல்லின் சுமையைத் தாங்கியவர் தமிழரே. அங்கே அவர்களை மேற்பார்த்தவன் கண்காணி. அதுவே கங்காணி என மருவிற்று. வேலைக்கு வந்த ஆளை எண்ணி அவனுக்குக் கொடுத்த பணம் தலைக்காசு. கண் காவலுக்கு, தலை கணக்கிற்கு, கை வேலைக்கு என மனிதனைக் கூறுபோட்ட ஒரு பொருளாதாரம் நம் சொற்களிலும் தன் தடத்தைப் பதித்திருக்கிறது.

கொழும்பிலும் இக்கதை உண்டு. கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்திலும், வெள்ளவத்தை நூல் நெசவாலையிலும் சிங்களவரும் இந்திய வமிசத்தவரும் இத்தகைய ‘கைகளாக’ உழைத்தனர். 1927இல் துறைமுகத்திலும், 1933இல் அவ்வாலையிலும் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. ஆலைத் தொழிலாளருக்குத் துணைநின்றவர்களுள் கொல்வின் ஆர். டி சில்வா முக்கியமானவர். கைகள் ஓய்ந்த பின்னரே, அவற்றுக்கு வாயும் உண்டு என்பதை உடைமையாளர் கண்டுகொண்டனர்.

இன்று அந்த ஆலை இல்லை. அந்நிலத்தில் ‘ஹவ்லொக் சிட்டி’யின் அடுக்குமாடிகள் ஓங்கி நிற்கின்றன. அலுவலகங்களிலோ தொழிலாளருக்கு ‘மனித வளம்’ என்று புதுப்பெயர் சூட்டியாகிவிட்டது. முன்னர் உறுப்பாக இருந்தவன் இப்போது நிலக்கரியையும் நீரையும் போல ஒரு வளமாகியிருக்கிறான். பெயர் நயமானது, நோக்கு பழையது.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போது அதன் இரண்டாவது பொருளையும் எழுதுங்கள். அது எப்படி வந்தது என்று மாணவர் கேட்பார்கள். அப்போது வெள்ளவத்தை ஆலையின் கதையைச் சொல்லுங்கள்.