புதுப் பாணரும் புரவலரும்

பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை என்னும் இனத்தைச் சார்ந்தன. அவற்றுள் திருமுருகாற்றுப்படை அடியவனை இறைவன்பால் ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன் வறுமையால் வாடிவரும் மற்றொரு கலைஞனை எதிர்ப்பட்டு, தனக்குப் பரிசளித்த தலைவனிடம் செல்லுமாறு வழி கூறும் முறையில் அமைந்தன. பொருநனுக்குக் கரிகாலனும், சிறுபாணனுக்கு நல்லியக்கோடனும், பெரும்பாணனுக்கு இளந்திரையனும், கூத்தனுக்கு நன்னனும் புரவலராயினர்.

இப்பகுதியை உயர்தர வகுப்பிற் படிப்பித்துக்கொண்டிருந்த பொழுது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், இப்போது பாணருக்குப் புரவலர் யார்?” என வினவினான். வெள்ளிக்கிழமை தோறும் வெளிவரும் புதுப் பாட்டுக்களைத் தேடிக் கேட்கும் வழக்கமுடையவன் அவன். அவ்வினாவுக்கு அன்று யான் தக்க விடை கூறிலேன். அவ்விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

வெள்ளிக்கிழமை என்றது காரணம் பற்றியே. முன்னர் இங்கிலாந்தில் திங்களிலும் அமெரிக்காவிற் செவ்வாயிலும் புதிய இசைத்தொகுப்புக்கள் வெளியாகி வந்தன. 2015 யூலை 10 முதல் 40க்கு மேற்பட்ட நாடுகளில் வெள்ளியே பொது வெளியீட்டு நாளாயிற்று. அன்று தொட்டுக் கிழமை தோறும் ‘இக்கிழமை கேட்கத் தக்கன இவை’ எனப் பட்டியலிடும் திறனாய்வாளர் பல்கினர். இப்பட்டியல்களும் ஒருவகை ஆற்றுப்படையே. ஆயின் திசை மாறிவிட்டது. பழைய ஆற்றுப்படை பாணனைப் புரவலனிடம் அனுப்பிற்று. புதிய ஆற்றுப்படையோ கேட்போனைப் பாணனிடம் அனுப்புகின்றது. கேட்போனே புரவலன் என்பது இதன் உட்கிடை. அது மெய்யாமோ என்பதைப் பின்னர் ஆராய்வாம்.

இப்பட்டியல்களிற் பயிலும் ‘தனித்த இசை’, ‘மாற்றிசை’ என்னும் இரு தொடர்களின் பொருளை முதற்கண் தெளிதல் வேண்டும். 1977 சனவரியில் மாஞ்செஸ்டர் நகரத்துப் பஸ்காக்ஸ் குழுவினர், உறவினரிடமும் நண்பரிடமும் கடன் பெற்று, நான்கு பாட்டுக்கள் கொண்ட சிறு இசைத்தட்டு ஒன்றைத் தாமே வெளியிட்டனர். பெரு நிறுவனத்தின் வாயிலில் நில்லாமலே இசைத்தட்டு வெளியிடலாம் என்பதைப் பலருக்கும் உணர்த்திய நிகழ்ச்சி அது. 1980 சனவரியில் இங்கிலாந்தில் தனித்த இசைக்கெனத் தனி விற்பனை வரிசை தோன்றிற்று. அவ்வரிசையில் இடம்பெறுதற்கு இசையின் ஓசை அளவுகோலன்று. பெரு நிறுவனங்களின் விநியோக வழியைச் சாராது வெளிவந்ததா என்பதே அளவுகோல். எனவே ‘தனித்த’ என்பது உடைமை பற்றிய சொல். ‘மாற்று’ என்பது சுவை பற்றிய சொல். அமெரிக்கக் கல்லூரி வானொலிகள் பேணி வளர்த்த மாற்றிசை, நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ தொகுப்பு 1991இற் பெரு நிறுவனக் கிளையொன்றால் வெளியாகி, அடுத்த சனவரியில் விற்பனை வரிசையின் முதலிடத்தை எய்தியதும் பெருவழக்காயிற்று. மாற்று பெருவழக்காதல் எளிது. தனித்தது தனித்தே நிற்றல் அரிது.

தமிழ்நாட்டு இசையுலகிற் பெரும் புரவலன் சினிமா. அதன் நிழலில் நில்லாத பாட்டுக்குச் செவி கிடைப்பது அருமையாயிற்று. எம் நாட்டிலோ வேறொரு வழி முன்னமே திறந்திருந்தது. இலங்கை வானொலி மெல்லிசைப் பாடலை வளர்த்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தோடு கூடிய தமிழ்ப் பொப் பாடலைப் பரப்பினர். அத்தாளம் போர்த்துக்கேயர் வழி வந்தது. மட்டக்களப்புப் பறங்கியர் தம் மணவீடுகளில் ஆடிவந்த கபிரிஞ்ஞாவும் அவ்வழிப்பட்டதே. ஆதலின், சினிமாவின் துணையின்றி எழுந்த பாட்டு நேற்று முளைத்த புதுமையன்று. எம்மவர்க்கு அது பழகிய பொருள்.

இனி, இந்நூற்றாண்டின் தொகுப்புக்கள் சிலவற்றை நோக்குவாம். இலண்டனில் வாழும் ஈழத் தமிழரான மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில், 2005இல் தந்தையின் இயக்கப் பெயரால் ‘அருளர்’ என்ற தொகுப்பையும், 2007இல் தாயின் பெயரால் ‘கலா’ என்ற தொகுப்பையும் வெளியிட்டார். பின்னதிற் சென்னை உறுமிக் கலைஞரின் முழக்கம் கேட்கின்றது. அது பாட்டுக்குப் பூசிய வண்ணமாக அமையாது, பாட்டை நிறுத்தும் தூணாக அமைந்தமையே அத்தொகுப்பின் சிறப்பு. குறையும் உண்டு. உறுமி பேசிய அளவுக்கு அத்தொகுப்பில் தமிழ்மொழி பேசவில்லை. முழவு உள்ளே வந்தது. சொல் வாயிலில் நின்றுவிட்டது.

அச்சொல்லை உள்ளே அழைத்து வந்தவர் அறிவு. அவரும் ஓஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட ‘தெருக்குறள்’ பெயரளவிலேயே ஒரு வாதம். சாதியையும் ஏற்றத்தாழ்வையும் பொருளாகக் கொண்ட அத்தொகுப்பில் எதுகையும் மோனையும் அணிகளாக ஒட்டப்பெறவில்லை. சினத்தைத் தாங்கும் எலும்புகளாக நிற்கின்றன. சொல்லிசை அந்நியர் சரக்கு என்று தள்ளும் ஆசிரிய நண்பர்கள் இதனை ஒரு முறையேனும் கேட்டல் நன்று. வடமோடிக் கூத்தில் அண்ணாவியார் சொல்லும் தாளக்கட்டைக் கேட்டுப் பழகிய செவிக்கு, தாளத்தின் மேற் சொல்லை நிறுத்தும் இக்கலை முற்றிலும் புதிதன்று.

இதனையே வேறொரு முகமாகக் காட்டுவோர் கனடாவில் வாழும் சான் வின்சென்ற் டி போலும் யஞ்சனும் ஆவர். முன்னவர் யாழ்ப்பாணத்திற் பிறந்து சிறுவயதிற் புலம்பெயர்ந்தவர். பின்னவர் மிருதங்கம் வல்லவர். மிருதங்கச் சொற்கட்டும் ஆங்கிலச் சொல்லிசையும் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் அவர்தம் கூட்டுப் படைப்புக்களில் இரண்டும் ஒரே குருதி என்பது தோன்றும். 2021இல் முன்னவர் வெளியிட்ட ‘மேட் இன் யாழ்ப்பாணம்’ என்று பொருள்படும் தொகுப்பு, பிறந்த ஊரைச் சரக்கு முத்திரைபோற் பொறித்துக்கொள்கிறது. அதில் வீறும் உண்டு, வடுவும் உண்டு. ஆயின் வீறு பேசும் இடங்களினும் வடு பேசும் இடங்களே என் நெஞ்சில் நின்றன. சுவிற்சர்லாந்திற் பிறந்து வளர்ந்த பிரியா ராகுவின் ‘சந்தோசம்’ 2023இல் வெளிவந்தது. குரல் இனிது, இசையமைப்புச் செப்பமானது. எனினும் தமிழ்ச் சொற்கள் பல இடங்களில் நெற்றிப் பொட்டுப்போல அழகு செய்து நிற்கின்றனவேயன்றிப் பொருளைச் சுமக்கவில்லை. மேலும் அவர் தொகுப்புக்கள் பெரு நிறுவனத்தின் ஆதரவில் வெளிவந்தவை. சுவை மாற்றாயினும் உடைமை தனித்ததன்று என்று மேற்கூறிய வேறுபாட்டுக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

எல்லாவற்றினும் எம்மை நெருங்கி வருவது 2021 மார்ச்சு மாதம் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’. சந்தோஷ் நாராயணன் இசையமைக்க, தீயும் அறிவும் பாடினர். அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள் எம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின் தமிழ்நாடு திரும்பியவர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென எண்ணி ஒதுக்கிற்று. எண்ணிக்கையாய் நின்ற ஒரு கூட்டத்துள் ஒருத்திக்குப் பெயரும் குரலும் கிடைத்தமை அப்பாட்டின் பெரும்பேறு. ஒப்பாரி மெட்டைத் துள்ளல் தாளத்தின்மேல் ஏற்றியது துணிவான செயல். அழுகையைப் பாட்டாக்குவதுதானே ஒப்பாரி! ஆயினும் துள்ளல் அழுகையை விழுங்கிவிடும் அபாயமும் அங்கு உண்டு. பாடசாலை விழாவொன்றிற் சிறுவர் அதற்கு ஆடக் கண்டேன். நிலம் இழந்தவரின் பாட்டு அது என்பதை அவருள் ஒருவரும் அறிந்திலர். அது பாட்டின் பிழையோ, அறிவிக்காத எம் பிழையோ எனின், எம் பிழை என்றே கூறுவேன்.

அப்பாட்டின் பின்வரலாறு இன்னும் கருதத்தக்கது. 2021 ஓகத்தில் இசை இதழ் ஒன்றின் அட்டையில் அறிவின் உருவம் இடம்பெறாமை கண்டு பலர் குறைகூறினர்; பின்னர் அவ்விதழ் அவருக்கும் தனி அட்டை அமைத்தது. 2022இல் அப்பாட்டு எவருடைய ஆக்கம் என்பது பற்றி அதனை உருவாக்கியோரிடையே பொதுவெளியிற் கருத்து வேறுபாடு எழுந்தது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர், அப்பாட்டால் தமக்கு வருவாய் யாதும் கிட்டவில்லை எனக் கூறினார். வழக்கின் நீதியைக் கூறுதல் எம் பணியன்று. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே இந்நிலை எனின், நூறு பேர் கேட்கும் பாட்டின் நிலை என்னாம்?

அதற்கும் விடை உண்டு. ஸ்பொட்டிஃபை நிறுவனம் 2024 முதல், பன்னிரு மாதங்களில் 1,000 முறை கேட்கப்பெறாத பாட்டுக்குப் பங்குத்தொகை இல்லை என விதித்தது. கேட்போனே புரவலன் என்னும் கூற்று இங்குச் சாய்கின்றது. கேட்போனுக்கும் பாணனுக்கும் இடையே வாயில்காவலன் ஒருவன் நிற்கிறான். தலையை எண்ணி, எண்ணிக்கை நிரம்பிய பின்னரே பரிசிற் கதவைத் திறக்கிறான். நல்லியக்கோடனின் வாயில் பொருநர்க்கும் புலவர்க்கும் அடையாது திறந்திருந்ததெனச் சிறுபாணாற்றுப்படை கூறும். அவன் கேட்டோர் தொகையை எண்ணிப் பரிசளித்தவனல்லன்.

இவ்வளவும் மண்டூரில் இருந்து ஆராய்வது எற்றுக்கு என வினவலாம். அண்மையில் எம் பகுதியில் வசந்தன் பழக்கிவந்த முதிய அண்ணாவியார் ஒருவர் காலமானார். அவர் கையெழுத்துக் கொப்பி வீட்டில் இருந்தது. பாட்டுக்கள் ஒன்றும் குறையவில்லை. ஆனால் அவற்றுட் பலவற்றின் மெட்டு எவருக்கும் தெரியவில்லை. கோலடித்து ஆடிய சிறுவரெல்லாம் வளர்ந்து ஊர்விட்டுப் போயினர். 1940இல் சதாசிவ ஐயர் ‘வசந்தன் கவித்திரட்டை’ப் பதிப்பித்திராவிடிற் சொற்களும் பெரும்பாலும் அழிந்திருக்கும். சொல்லைக் காக்க அன்று அச்சு இருந்தது. ஓசையைக் காக்க இன்று ஒவ்வொரு மாணவன் சட்டைப்பையிலும் கருவி இருக்கின்றது. மறைந்த யாழின் நரம்பளவைக் கணக்கிட்டு மீட்க விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். இருக்கும் ஓசையைப் பதிந்து வைப்பதற்கு எமக்கு ஒரு பிற்பகல் போதும்.

முன்கூறிய மாணவன் இதனைத் தொடங்கிவிட்டான். தன் அம்மம்மாவின் தாலாட்டைக் கைப்பேசியிற் பதிந்து, இணையத்தில் இடுமுன் என்னிடம் காட்டினான். கீழே தன் பெயரை மட்டும் எழுதியிருந்தான். அம்மம்மாவின் பெயர் எங்கே என்றேன். “அவவும் தாயிடம் கேட்டுப் பழகினதுதானே, அவவின்ரை பாட்டு எண்டு எப்பிடிப் போடுறது?” என்றான். நல்ல வினா. புறநானூற்றுப் பாட்டின் கீழுள்ள குறிப்பை அவனுக்குக் காட்டினேன். பாடியவர், பாடப்பட்டோர், திணை, துறை என அக்குறிப்பு அமையும். அக்குறிப்பு வாய்த்தமையாலேயே ஔவையும் கபிலரும் எமக்குப் பெயரோடு விளங்குகின்றனர். குறிப்பு வாயாதவிடத்துப் புலவர், செம்புலப்பெயனீரார் போலத் தம் பாட்டின் தொடராலே அறியப்பட்டனர். ‘பாடியவர், கற்பித்தவர், பாடிய ஊர், பதிந்தவர்’ என நான்கு வரி எழுதுமாறு கூறினேன். பதிந்தவன் பெயர் இறுதியில் வந்தது. அவன் வருந்தவில்லை.

அவன் முதல் வினாவுக்கு விடை இப்பொழுது கூறலாம். இன்றைய பாணனுக்குப் பேரரசனும் இல்லை. நிறுவனத்தை நம்புதலும் அரிது. பெயரறிந்து கேட்பவனே எஞ்சிய புரவலன். இக்கல்லூரி இசைமன்றம் கிழமை தோறும் ஒரு தொகுப்பையேனும் ஒன்றாய் இருந்து கேட்டு, ஆக்கியோர் அனைவரின் பெயரையும் கூறி, குணமும் குற்றமும் நாடி எழுதுமாயின், அதுவே நம் காலத்து ஆற்றுப்படை ஆகும். அப்பட்டியலின் முதல் ஏட்டில், ஆயிரம் முறை கேட்கப்பெறாத ஒரு படுவான்கரைத் தாலாட்டும் இடம்பெறுக.