மூன்று பழைய படங்கள்

சமீபத்தில் மறுபடியும் பார்க்கக் கிடைத்த படங்களுள், ஜெமினியின் ‘சந்திரலேகா’ (1948) பிரம்மாண்டத்துக்குப் பெயர் பெற்றது. அதன் முரசு நடனம் இன்றைக்கும் கண்ணைப் பறிக்கிறதென்றாலும், நடுவே வரும் சர்க்கஸ் சற்றே நீளந்தான். எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954), பாட்டும் நடனமும் அறவே இன்றி, கதாநாயகனைத் தொடக்கத்திலேயே சுட்டு வீழ்த்திவிட்டு, மாண்டவனைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் கதைகளைக் கொண்டே மர்மத்தை வளர்த்துச் செல்கிறது. அக்காலத்தில் அதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

ஆயினும் என் மனம் லயித்தது ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964). சினிமா எடுக்கத் துடிக்கும் நாகேஷ், தம் படத்தின் கதையைத் தந்தை பாலையாவுக்குச் சொல்லும் கட்டத்தில், திகிலூட்டும் ஓசைகளையெல்லாம் தம் வாயாலேயே எழுப்பி, அங்கசேஷ்டைகளால் அறையையே பேய்வீடாக்கிவிடுகிறார் என்பது உண்மையே. எனினும் அக்காட்சிக்கு ஜீவன் தருபவர், முன்னொரு காலத்தில் வில்லன் வேஷங்களில் பிரசித்தி பெற்றிருந்து, இங்கே அதிகம் பேசாமல், அலட்சியத்தில் தொடங்கிப் பீதியைப் படிப்படியாக முகத்தில் ஏற்றிக்கொண்டே போகும் பாலையாதான் என்பது என் அபிப்பிராயம். அடுத்த முறை பார்க்கும் வாசகர்கள், நாகேஷைச் சற்றே மறந்து, பாலையாவின் கண்களை மட்டும் கவனிக்குமாறு வேண்டுகிறேன்.