ஒருநாட் பயணமும் ஒரு நூலின் தகுதியும்

பயண நூலென்பது பார்த்த ஊர்களின் பெயர்ப்பட்டியல் அன்று. புகைவண்டியிலும் கப்பலிலும் சென்று மீண்டோர் எழுதும் நூல்களிற் பல, புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் விரித்துக் கூறி, இடைவழியை விட்டுவிடுகின்றன. வழியையே பொருளாகக் கொண்டு எழுந்த நூல்கள் சிலவே. அவற்றுள் ஒன்றை நேயர்கள்முன் வைத்து, அதன் நிறைகுறைகளை ஆராயப் புகுகின்றோம்.

அயர்லாந்து நாட்டு டெர்வ்லா மர்பி அம்மையார் ஆங்கிலத்தில் எழுதி, 1965ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஃபுல் டில்ட்’ என்பதே அந்நூல். 1963ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஐரோப்பாவைக் கடுங்குளிர் வாட்டிய காலத்தே, பிரான்சு நாட்டு டன்கர்க் துறையினின்று தன்னந்தனியே சைக்கிளேறிய அவர், துருக்கி, பாரசீகம், ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தானம் முதலிய நாடுகளைக் கடந்து அவ்வாண்டு ஜூலையில் டில்லி நகரை அடைந்தார். டான் குவிக்ஸோட்டின் மெலிந்த குதிரைக்குரிய ரோசினாந்தே என்னும் பெயரையே தம் வண்டிக்கு இட்டார். கரடுமுரடான பாதைக்கு ஆகாதென்று அதன் மூன்று வேகக் கியரையும் முன்னரே கழற்றிவிட்டார்.

இதனை வீரச்செயல் எனப் புகழ்ந்து முடித்தல் எளிது. நாம் கருதவேண்டுவது வேறொன்றுண்டு. பத்தாம் பிறந்தநாளிற் பெற்ற ஒரு பழைய சைக்கிளும் ஒரு தேசப்படப் புத்தகமுமே இவ்வெண்ணத்தை அவர் நெஞ்சில் விதைத்தன. ஆயினும் பதினான்காம் வயதிற் பள்ளியை விட்டு, மூட்டுவாத நோயால் முடங்கிய தாயைப் பேணும் கடமையை ஏற்றார். தாயார் 1962இல் மறைந்த பின்னரே, முப்பத்தொன்றாம் வயதில், அவராற் புறப்பட முடிந்தது. கடமையின் பெயரால் ஆசையைப் பூட்டிவைத்து வாழ்ந்த பெண்மக்கள் தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து வீடுகளிலும் இலரா? அவர்கள் இந்நூலைப் படித்தால், மலைகளைக் கடந்ததினும் வீட்டு வாயிலைக் கடந்ததே பெரிதெனக் காண்பர்.

நூலின் தனிச்சிறப்பு அதன் நாட்குறிப்பு வடிவிலே உள்ளது. பயணம் முடிந்தபின் நினைவிலிருந்து எழுதுவோன் முடிவை அறிந்தவன். அவன் அச்சத்திலும் ஓர் அமைதி கலந்துவிடும். அன்றன்று குறிப்பெழுதுவோனோ நாளையை அறியாதவன். பாதை தாரா சரளையா, காற்று எதிரா துணையா, தண்ணீர் எங்கே, இரவிற் தலைசாய்க்க இடம் எங்கே என்பவையே தனிச் சைக்கிள் வழிப்போக்கரின் ஒருநாள் உலகம். அவ்வுலகம் இந்நூலில் மெருகிடப்படாமல் நிற்கின்றது.

சான்றாகச் சிந்துநதிப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். கில்கித்துக்கும் சிலாஸுக்கும் இடையே பாறைகள் அனலாய்க் கொதிக்க, அம்மையார் வெப்பத்தாக்கினால் நோயுறுகின்றார். அவ்வழியே மேலேறிச் சுமார் 13,700 அடி உயரமுள்ள பாபுசார் கணவாயை அடைந்தால் அங்கே பனி! பிற நாட்களில் வண்டி அவரைச் சுமந்தது. அங்கே அவர் வண்டியைச் சுமந்தார். இவ்விரு துன்பங்களையும் அவர் உயர்த்தியும் கூறவில்லை, தாழ்த்தியும் கூறவில்லை. ஆப்கானிஸ்தானத்திற் பேருந்தில் எழுந்த பூசலிடையே துப்பாக்கிக் கட்டை பட்டு விலாவெலும்பு முறிந்தபோதும், அந்நாட்டு மக்கள்பால் அவர் கொண்ட அன்பு குறையவில்லை. ஒருவன் கைப்பிழையை ஓர் இனத்தின் குணமாக்காத இப்பண்பு பயண நூலாசிரியரிடையே அரிது.

இனிக் குறையைக் கூறுவோம். நிறைக்குக் காரணமான நாட்குறிப்பே குறைக்கும் காரணமாகின்றது. ஓரிரவு விருந்தினர் ஒரு நாட்டின் வாழ்வை அளக்கப் புகுதல் இடர்ப்பாடுடையது. மோட்டாரும் யந்திரமும் புகுந்து எளிய மக்களின் வாழ்வைக் கெடுத்துவிடுமென்னும் கவலை நூலிற் பலவிடத்தும் தலைகாட்டுகின்றது. தேநீரும் ரொட்டியும் பகிர்ந்தளித்த ஏழையின் பெருந்தன்மையை அவர் போற்றுவது முறையே. ஆனால் அவ்வேழ்மையே அப்பெருந்தன்மையின் ஊற்றென எண்ணுதல் முறையன்று. விருந்தினர் விடிந்ததும் சைக்கிளேறிச் செல்வார். வீட்டுக்காரன் அங்கேயே இருப்பான். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் கொண்டு செல்ல அவனுக்குச் சாலை வேண்டும். கில்கித்தையும் சிலாஸையும் இணைக்கும் கரகோரம் நெடுஞ்சாலை 1979ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. அது வழிப்போக்கரின் தனிமையைக் குலைத்திருக்கலாம். ஆனால் சாலையின் பயனை அளக்க வேண்டியவர் அதன் ஓரத்தில் வாழ்வோரேயன்றி வழிப்போக்கர் அல்லர்.

இக்குறையினால் நூல் தள்ளத்தக்கதாகிவிடாது. 2022ஆம் ஆண்டில் மறையும்முன் இருபதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிய அம்மையாரின் முதல் நூல் இது. முதல் நூலுக்குரிய வேகமும் வெள்ளையுள்ளமும் இதன்கண் உள்ளன. ஆங்கிலம் கற்ற இளைஞர் இதனைப் படித்துப் பிறர்க்கும் எடுத்துரைக்க வேண்டும்.

1931ஆம் ஆண்டில் வங்காளத்து ராம்நாத் பிஸ்வாஸ் சிங்கப்பூரினின்றே சைக்கிளேறிப் புறப்பட்டுத் தம் பயணங்களைத் தாய்மொழியில் நூல்களாக்கினார். பால்மரக் காடுகளினூடே சைக்கிள் மிதித்து வேலைக்குச் சென்ற நம்மவர்க்கு அவ்வண்டி புதிதன்று, வழியும் புதிதன்று. நம்முள் எழுதப் புகுவோர் அம்மையாரிடம் அன்றன்றே எழுதும் நேர்மையைக் கற்கட்டும். தங்கிய வீட்டாரிடம் அவர்க்கு வேண்டுவது யாதெனக் கேட்டு, அவ்விடையையும் சேர்த்தெழுதட்டும்.