அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே

அனுமன் உப்புக்கொத்தியின் அழகு முழுவதும், அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே நெல்மணி அகலத்தில் கிடக்கிற அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. நமது கரைப்பறவைகளில் நண்டுதின்னியே அரசன் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. மன்னார்த் திட்டுகளில் கறுப்பும் வெள்ளையுமாய் அது நிமிர்ந்து நிற்கையில் யாருக்குத்தான் மனம் இளகாது? ஆனாலும் அரைக் கட்டை தூரத்திலேயே இன்னதென்று தெரிந்துவிடும் பறவை அது. அதோடு வேலை முடிந்துபோகிறது.

அனுமன் அப்படி இல்லை. பறவையியலாளர்களான ஹார்டெர்ட்டும் ஆனி ஜாக்சனும் 1915இல் சீபோம் என்ற பறவையியலாளரின் பெயரை வைத்து அதைப் பிரித்துக் காட்டினார்கள். பிறகு நெடுங்காலம் கென்டிஷ் உப்புக்கொத்தியின் உட்பிரிவாகவே அது கிடந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்னவும் கூட்டாளிகளும் மரபணுவையும், குட்டையான இறக்கை, வால், அலகு அளவுகளையும் வைத்து 2023இல் 'ஐபிஸ்' ஆய்விதழில் அதைத் தனி இனமாக நிலைநாட்டினார்கள். இராமர் அணையோரம் வாழ்வதால் அனுமன் பெயர் வந்தது. இந்தப் பெயர் சூட்டலில் எனக்குப் பூரண திருப்தி.

படம் எடுக்கிறவர்கள் மாரிக்காலத்தையே கொண்டாடுகிறார்கள். என் கட்சி சோளகம். மாரியில் வடக்கிலிருந்து வரும் கென்டிஷ் கூட்டமும் முகக் கறுப்பை இழந்து வெளிறி நிற்கும். அப்போது எடுத்த படத்தை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. விருந்தாளிகள் போய், வாவி வற்றி, கரைச்சேறு வெடிக்கும் மாதங்களில் சோடி கட்டி நிற்கும் ஆணின் முகத்தைப் பாருங்கள். கண்ணுக்கு முன்னால் கறுப்புக்கோடு இராது.

வெளிச்சத்துக்கு எங்கள் தேற்றாத்தீவை அடிக்க ஆளில்லை. எழுவான்கரையில் நாம் நிற்கிறோம். கிழக்கே கடல், மேற்கே வாவி. விடியலில் வாவிக்கரையில் படுத்தால் சூரியன் முதுகில், பறவை முகத்தில் நேர் வெளிச்சம். வெயில் ஏறிக் கானல் ஆடத் தொடங்கினால் எந்த லென்ஸும் உதவாது. லென்ஸ் தரையைத் தொட்டுக்கொண்டு பறவையின் கண்மட்டத்தில் இருக்கவேண்டும். வெளிச்சத்தை அரைப்படி குறைத்து வையுங்கள். கூட விட்டால் மங்கலான கபில நிறமும் வெள்ளையாக எரிந்து, சாதாரண கென்டிஷ் பறவைகூட அனுமன் ஆகிவிடும். இன்று சுற்றிவரும் படங்களில் பாதிக்கு இந்த நோய்தான். நிறத்தைக் கணினியில் ஏற்றிப் பளபளப்பாக்கி, சாட்சியத்தையே அழித்துவிடுகிறார்கள்.

அதைவிட வயிற்றெரிச்சல் கூட்டருகே நடப்பது. கொதிக்கும் மணலில் முட்டை வேகாமல் இருக்க, தாய் வயிற்றுத் தூவியை நனைத்து வந்து அமர்கிறது. அதை எழுப்பிவிட்டு, சிறகொடிந்ததுபோல் அது தவழ்ந்து காட்டும் நடிப்பைப் படமாக்குகிறார்கள், பாராட்டும் வாங்குகிறார்கள். அந்நேரம் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. அதனால் கூடு இருக்கும் இடத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை, கேட்பவர் எவ்வளவு நெருங்கியவராயினும்.